கோதும் சன்னமும்

அத்தான் கராஜுக்குள் இருந்து வந்து, "கேஸ் சரிவரேல்லை, இறுகிப் போச்சு" என்றார். என்னுடைய கேஸ் என்றுதான் நினைத்தேன். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் எங்கள் ஆட்களுக்குக் கேஸ் என்றால் அகதிக் கேஸ் ஒன்றுதான்.

"லோயர் போன் எடுத்தவரோ?" என்று கேட்டேன். அவர் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு வெறும் தோட்டாக் கோது கிடந்தது. அதற்கும் ஆங்கிலத்தில் கேஸ்தானாம்.

அக்காவைக் கட்டிய அத்தான் படிக்க வந்து கணக்காளராகி, கிங்ஸ்பரியில் வீடு வாங்கியவர். நுளம்பைக்கூட அடிக்க யோசிக்கிற மனுசன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் போய்க் கடதாசிக் குறியைச் சுட்டுவிட்டு வருவார். வீட்டில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிய துவக்கு. துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு அதே கூரைக்குக் கீழே படுக்கை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் அவருடைய சோற்றைத் தின்றுகொண்டு என்னத்தைச் சொல்ல?

அந்த வீட்டில் நான் ஒரு பொய்யோடுதான் இருந்தேன். நான் லண்டனுக்கு வர முந்திய வருடம் எங்கள் கடைசித் தம்பி சின்னவனை ஆமி சுட்டது. எங்கேயோ தூரத்தில் நடந்த சண்டையில் வழிதவறி வந்த வெடி என்று அக்காவிடம் சொல்லியிருந்தோம். உண்மை அதுவல்ல. ஒழுங்கை முடக்கில் மறித்து, முன்னால் நின்று சுட்டார்கள். தூக்கப் போனவன் நான். அக்காதான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளுக்கு இது ஒருநாளும் தெரியக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தா.

இனி அத்தானின் கேசுக்கு வருகிறேன். சுட்டதும் பித்தளைக் கோது அந்தத் துவக்கின் அளவுக்கு ஊதிவிடும். திரும்பப் பாவிப்பதற்கு அதை இரும்பு அச்சுக்குள் செலுத்தி நெரித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கிளப்பில் யாரோ கொடுத்த கோதுகளை அத்தான் அப்படித்தான் நெரித்தார். ஆனால் எதைப் போட்டாலும் துவக்கின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட் மூடவில்லை. அடுத்த ஞாயிறு போட்டி. மனுசன் எண்ணெயை அள்ளிப் பூசி, பல்லைக் கடித்துக்கொண்டு, அச்சைப் பூட்டியிருந்த பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தார். எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் கோது கழுத்துக்கு ஒடுங்குகிற தோளில் பள்ளம் பள்ளமாக விழுந்ததுதான் மிச்சம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் லேத் மெஷினில் நின்ற கை, இங்கே பெற்றோல் செட்டில் சிகரெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. "எங்க உரசுதெண்டு பாக்காமல் எண்ணெயை ஊத்தி என்ன அத்தான்?" என்று கோதை வாங்கினேன். மெல்லிய கரி பிடிக்க வைத்துத் துவக்குக்குள் விட்டு எடுத்தால், உரசுகிற இடம் மட்டும் மினுங்கும். மெழுகுதிரி தேடினேன். இல்லை. சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னவனின் படத்துக்கு முன்னால் அக்கா காலையில் ஏற்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் என் கண்ணுக்கு அது வெறும் நெருப்பாகத்தான் தெரிந்தது.

முதல் கோதிலேயே பிடிபட்டது. தோள்தான் உரசியது. அச்சு போதுமான அளவு கீழே இறங்கவில்லை. மயிரிழை மயிரிழையாகத் திருகி இறக்கிவிட்டு, இன்னொன்றை நெரித்து, மற்றதுகளை நெரிக்க அத்தானிடம் விட்டுவிட்டு, கரி பிடிக்க மறுபடி சாமி அறைக்கு வந்தேன். குறட்டால் பிடித்து விளக்குக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் நின்றாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிட்ட வந்து அந்தக் கறுத்த கோதைக் குறட்டிலிருந்து எடுத்தாள். அது கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுதானோ அவனில பட்டது?"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிழையாக ஒன்றைச் சொன்னால் திருத்தாமல் விடாத மெஷின்காரப் புத்தி எனக்கு. "இல்லையக்கா. இது கோது. பறந்துபோய்ப் படுறது சன்னம். கோது சுடுறவன்ர காலடியிலதான் விழும்."

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"நான் பொறுக்கினனான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"எங்க? அவனுக்குப் பக்கத்திலயோ?"

நான் குறட்டைக் கீழே வைத்தேன்.

"அப்ப கிட்ட நிண்டோ சுட்டவங்கள்?"

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கராஜிலிருந்து அத்தானின் குரல் வந்தது. "மூடுது! போல்ட் மூடுது!" சிரித்துக்கொண்டே வந்தவர் எங்களைக் கண்டதும் நின்றார். அந்தப் போட்டிக்கு அவர் போகவில்லை.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன்: "உடனயே போயிட்டான் அக்கா. அவனுக்கு நோகேல்லை. டொக்டர் சொன்னவர்."

"இதுவும் பொய்தானே?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அது பொய்யில்லை. டொக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அதற்குப் பிறகு தொண்ணூறுகள் முழுக்க எத்தனையோ தரம் அவளிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும், "சரியடா, சரி" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலத் தலையாட்டுவாள். அவள் நம்பவேயில்லை.