அம்மா தூக்காத கை

மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் நாங்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு என் அப்பா ஆறு ஆண்டுகள் தலைவராக இருந்தார். பகலில் ஆகுர்டித் தொழிற்சாலை. திரும்பியதும் தண்ணீர்த் தொட்டி. தொட்டி அறையின் சாவி வேறொருவர் கைக்குப் போனால் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையினால் சேலத்தில் நடந்த என் மாமாவின் திருமணத்துக்குக்கூட வரவில்லை. அம்மாவும் நானும் மட்டும் போய்வந்தோம்.

தொண்ணூறுகளின் இறுதியில், எனக்கு எட்டு வயதானபோது, மூன்றாம் மாடியில் இருந்த, நாங்கள் சித்தப்பா முறையில் 'காகா' என்றழைத்தவர், அப்பாவை எதிர்த்து நின்றார். வீட்டுக்கு ஒரு வாக்கு. கையை உயர்த்தினால் போதும். போட்டியிடுவோர் முன்னால் கைகட்டி அமர்ந்திருக்க, அவர்கள் வீட்டு வாக்கை வீட்டிலுள்ள இன்னொருவர் அளிப்பது எங்கள் வழக்கம். சமமாக வந்தால் பழையவரே தொடர்வார்.

அந்த ஞாயிறு காலைக் கூட்டத்தில் நான் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றேன். அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். முதலில் காகாவுக்கு எண்ணினார்கள்: பத்து. பிறகு அப்பாவின் பெயர். ஒன்பது கைகள் எழுந்தன.

"அம்மா, கையத் தூக்கும்மா!"

"ஆடாதடி, விழுந்துருவ."

முடிந்துவிட்டது. அப்பா சாவியை நீட்டினார்; விரல்கள்தாம் அதை விடவில்லை. காகா சிரித்தார். "அரே சாப், சாவி தீஜியே, உங்கலி நஹீ!" சாவியைத்தான் கேட்கிறேன், விரலை அல்ல என்றதும் கூட்டமே சிரித்தது, சற்றுப் பிந்தி அப்பாவும்.

படியேறும்போது அப்பா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"கையில அப்படி என்ன வச்சிருந்த?"

"உங்க பொண்ணத்தான்."

அன்று மதியம், நெடுநாளைக்குப் பிறகு, அப்பா அவசரமின்றி எங்களுடன் அமர்ந்து சாப்பிட்டார். எனக்கோ சோறு இறங்கவில்லை.

"என்னாலதாம்பா தோத்துட்டீங்க. அம்மா என்னப் பிடிச்சிட்டு இருந்தாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். இருவரும் ஏனோ சிரித்தார்கள்.

அதிகாரத்தைப் பற்றிக் கல்லூரியில் நிறையப் படித்தேன். பெரும்பாலான பக்கங்கள் அதைக் கைப்பற்றுவதைப் பற்றியவை. அந்த வயதிலோ, ஓர் ஆட்சியையே கவிழ்த்துவிட்ட குற்றவுணர்வு மட்டும்தான் இருந்தது. நாற்காலியில் நான் அசையாமல்தான் நின்றேன். காகாவுக்கு எண்ணும்வரை மறு கையைத் தொங்கவிட்டு ஒரு கையால் என்னைப் பிடித்திருந்த அம்மா, அப்பாவின் பெயரைச் சொன்னதும் ஏன் இரு கைகளாலும் பிடித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.