வாங்கினது யார்?

நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கிருபை. வாய் கொஞ்சம் நீளம். அதை வீணாக்குவானேன் என்று அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுத்து, பள்ளி விட்டு வந்ததும் மைக்கைப் பிடித்துவிடுவாள். கடலோரத்து ரேடியோக்காரர்கள் சாயங்காலமானால் அவள் அலைவரிசைக்கு வந்துவிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்தியை வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்லி, வாங்கினது இன்னார் என்று தன் பேரையும் சொல்லியாக வேண்டும்.

தூத்துக்குடி ரேடியோ சங்கச் செயலாளர் ஸ்டெபினுக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சு. கம்ப்யூட்டரை ரேடியோவில் இணைத்துச் சங்க அலுவலகத்தில் அதே அலைவரிசைக்கு ஒரு தானியங்கி நிலையம் வைத்தார். அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்தியைத் தட்டிவிட்டால் போதும், மெஷினே அனுப்பும், மெஷினே வாங்கும். ஆபத்துக் காலத்தில் அந்த அலைவரிசையில் இனி யாரும் வாய் திறக்கக் கூடாது, மீறினால் சங்கத்தில் இடமில்லை என்று உத்தரவும் போட்டார். கிருபை அந்தத் தாளை மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மார்கழி மழையில் ஊரெல்லாம் வெள்ளம். செல்போன் செத்துவிட்டது. ரேடியோவில் மெஷினின் கீச்சுச் சத்தம் மட்டும்தான். கிருபை மதியம்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தம் ஓய்ந்த இடைவெளியில் மைக்கை அழுத்தி, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

ஆத்தூரிலிருந்து அச்யுதன் பேசினான். தெருவில் கழுத்தளவு தண்ணீர். மாடியில் தங்கை கோதாவுக்குப் பிரசவ வலி. படகு கேட்டுக் காலையிலேயே மெஷினில் அனுப்பிவிட்டான். சேர்ந்தது என்று பதிலும் வந்துவிட்டதாம்.

"யாரு வாங்குனா? பேரச் சொல்லு அச்யுதா."

"பேரு ஒண்ணும் வரலையே டீச்சர்."

கிருபைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்தியை மறுபடி தன் குரலிலேயே சொல்லி அனுப்பினாள். தருவைகுளத்தில் வள்ளம் வைத்திருக்கிற ஆன்டனி அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். "வாங்குனது ஆன்டனி. வள்ளத்த லாரியில ஏத்துதேன்." இருட்டுவதற்குள் கோதா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

தண்ணீர் வடிந்ததும் சங்கம் கூடியது. மெஷினைப் பார்க்க வேண்டிய ஆளும் அன்று வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால், செய்தியைப் படிக்க ஆளில்லாமல் போயிருந்தது. அது மெஷினின் குற்றமில்லை என்றார் ஸ்டெபின். உத்தரவை மீறியதற்குக் கிருபை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

கிருபை எழுந்தாள். "மெஷின் வாங்கிட்டுன்னு சொல்லுதீய. சரி. கோதாவுக்கு ஒண்ணு ஆகியிருந்தா, அவ அண்ணன் யாரு வீட்டுக் கதவத் தட்டணும்?"

மன்னிப்பு மட்டும் அவள் கேட்கவில்லை. அவள் பேரைச் சங்கத்திலிருந்து அடித்தார்கள். உரிமம் கொடுத்தது சர்க்கார், இவர்களில்லை என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

அன்றைக்குச் சாயங்காலமும் மைக்கைப் பிடித்தாள். ஆன்டனி வந்தார், அச்யுதன் வந்தான். பேச்சுக்கு நடுவே மெஷின் கீச்சிட்டது. அது முடியும்வரை கிருபை பொறுத்திருந்தாள்.

"இப்ப பேசுனது யாரு? பேரச் சொல்லிட்டுப் பேசணும். இங்கன அதான் வழக்கம்."

பதில் வரவில்லை. அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.