பாதி தேடிய மனை

சுயென் மண்ணில் வெடிக்காமல் கிடக்கும் குண்டு தேடும் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். உலை கொதிக்கும்வரை அடுப்பருகே நிற்கப் பொறுமை இல்லாதவள் அவள். சந்தையில் மீன்காரி எடையில் கை வைத்தால் தராசையே பிடுங்கிவிடுவாள். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் அந்த வேலைக்குப் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு பெண்கள் குழுவுக்குத் தலைவி. என் வாய் முகூர்த்தம் அப்படி.

நான் தொவான். டோங் ஹா நகரில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அமெரிக்கா எங்கள் நாட்டில் சண்டை போட்ட பழைய போர்க்களங்களைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவது என் பிழைப்பு. அவர்களிடமிருந்து கற்றதுதான் என் ஆங்கிலம். முதலில் கற்றதெல்லாம் கெட்ட வார்த்தை. மரியாதை பிறகுதான் வந்தது.

சுயென் அந்த வேலைக்குப் போன காரணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை அவளிடம் பேச மாட்டோம். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். போர் முடிந்து இருபது வருடத்துக்குப் பிறகு, எருமை மேய்க்கப் போன இடத்தில் அவன் ஒரு கொய்யாக்காய் குண்டைக் கையில் எடுத்தான். பார்ப்பதற்குக் கொய்யாக்காய் போலவே இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். போர் முடிந்துவிட்டது என்று வானொலியில் அறிவித்தவர்கள் எங்கள் மண்ணிடம் அதைச் சொல்லவில்லை. சுயெனுக்கு அப்போது பதினாலு வயது. அன்று தொடங்கிய கோபம் இன்னும் அவளிடம் இருக்கிறது. வீட்டில், சந்தையில், என் காரில் அது சத்தமாக வெளியே வரும். வயலில் கருவியைக் கையில் எடுத்ததும் அவள் வேறு ஆள். நான் இரண்டு முறை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை அவள் புருஷன்கூடப் பார்த்திருப்பானா தெரியாது.

அமெரிக்காவில் தேர்தல் நடந்தால் எங்களுக்கு என்ன என்று கேட்டவன் நானும்தான். அங்கே புது அரசு வந்து, வெளிநாடுகளுக்குப் போகும் உதவிப் பணத்தை ஒரே கையெழுத்தில் நிறுத்தியது. அந்த மை காய்வதற்குள் இங்கே அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கிய சுயெனின் குழுவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் சந்திரப் புத்தாண்டு நெருங்கிய நேரம். கருவிகளை வாங்கிக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். அவர்கள் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது யாருடைய மனையில் தெரியுமா? சுயெனின் சொந்தச் சித்தப்பா வொங்கின் மனையில். பாதி தேடியாகிவிட்டது. மீதிப் பாதியைச் சுற்றிச் சிவப்பு முனை வைத்த குச்சிகள் நின்றன.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். வொங் சித்தப்பா இரண்டையும் ஒரே வருடத்தில் செய்யத் துணிந்தவர். மகனுக்குப் பெண் பேசியாகிவிட்டது. பெண் வீட்டார் தனி வீடு கேட்கிறார்கள். பழைய வீடு ஒவ்வொரு மழைக்காலமும் முழங்கால் தண்ணீரில் நிற்கும். நாள் பார்ப்பவர் புத்தாண்டு கழிந்து ஒரு நல்ல நாளும், அதில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நல்ல நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டார். அந்த நேரத்துக்குள் முதல் மண்வெட்டி விழ வேண்டும். எங்கள் ஊரில் வெள்ளத்தைக்கூட ஒத்திப் போடலாம், நல்ல நேரத்தை ஒத்திப் போட முடியாது.

சுயென் போய் மன்றாடினாள். அவளுக்கு மன்றாடவே தெரியாது என்பதால் அது சண்டையாகத்தான் முடிந்தது.

"முப்பது வருஷமா அதுல எருமை கட்டியிருக்கேன். என்னைக்காவது வெடிச்சுதா?" என்றார் சித்தப்பா.

"எருமை நாலு அடி தோண்டுமா சித்தப்பா? நீங்க அஸ்திவாரம் தோண்டப் போறீங்க."

"அப்ப தேடி முடி. யாரு வேண்டாம்னா?"

"கருவியப் பூட்டி வச்சுட்டாங்க. கையால தடவியா தேடறது?"

"பாத்தியா, உன் அமெரிக்காக்காரன் பூட்டினதுக்கு என் மகன் கல்யாணம் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். சுயென் நேராக என் வீட்டுக்கு வந்து, என் பெண்டாட்டி நறுக்கி வைத்திருந்த மாங்காயை எல்லாம் தின்றுகொண்டே சித்தப்பாவைத் திட்டினாள். பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அஸ்திவாரம் தோண்டப் போவது கூலிக்காரன் இல்லை, சித்தப்பாவின் மகனே. அவனுக்கு அவள்தான் நடக்கப் பழக்கினாள்.

டெல்பர்ட் ஐயா அந்தச் சமயத்தில்தான் வந்து இறங்கினார். எழுபத்தாறு வயது, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர். இளவயதில் இங்கே பீரங்கிப் படையில் இருந்தார். ஒன்பது வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறார். போர்க்களத்தைப் பார்ப்பதில்லை. நான் கூட்டிப் போகும் வீடுகளில் உட்கார்ந்து, கொடுத்ததைத் தின்று, குழந்தைகளுக்கு மரத்தில் ஏதாவது செதுக்கிக் கொடுத்துவிட்டு வருவார். மன்னிப்பு, கின்னிப்பு என்று பேசி யாரையும் சங்கடப்படுத்த மாட்டார். எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுவே காரணம். முதல் வருடத்தில் ஒருமுறை மட்டும் சொன்னார், குண்டைத் தூக்கிப் பீரங்கியில் போட்டது தன் கை, அது எங்கே விழுந்தது என்று தான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை என்று. இப்போதுதான் போய்ப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. தூரத்து விருந்தாளி வந்து ஊதுபத்தி ஏற்றினால் மனைக்கு நல்லது என்பது சித்தப்பாவின் கணக்கு. போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். தேர்தலைப் பற்றிச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டதாகவும், தன் மகன் எதிர்ப்பக்கம் போட்டதாகவும், அதிலிருந்து இருவரும் சாப்பாட்டு மேசையில் வானிலை மட்டுமே பேசுவதாகவும் சொன்னார்.

"ஓட்டுப் போடும்போது இந்த வயல் எங்க ரெண்டு பேர் ஞாபகத்துலயும் இல்ல தொவான்," என்றார். "அவன் பார்த்ததே இல்ல, சரி. நான் பார்த்தவன்தானே?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. தூறல். முற்றத்தில் வேகவைத்த கோழியும் பசையரிசிச் சோறும் பழமும் வைத்த தட்டு தயாராக இருந்தது. மகன் மழைக்கோட்டோடு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுயென் சமையலறை வாசலில் நின்றாள், முகம் கல்லாக இருந்தது.

டெல்பர்ட் ஐயா காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று நான் சொல்லிவைத்தேன். சத்தியமாக அதில் சூது இல்லை, அது உண்மை. வெறும் வயிற்றோடு விருந்தாளியை நிற்க வைத்துச் சடங்கு செய்யலாமா? சித்தி பதறிப்போய் விரால் மீன் போட்ட அரிசிமாவுக் கஞ்சி ஒரு பெரிய கிண்ணம் கொண்டுவந்தாள். சித்தப்பா எதிரில் உட்கார்ந்தார். விருந்தாளி கையில் கிண்ணம் இருக்கும்போது வீட்டுக்காரர் எழுந்து போனால் அந்தக் குடும்பத்தை ஊர் காறித் துப்பும்.

கிண்ணத்தை மிச்சமில்லாமல் காலி செய்வது அவர் ஊர் வழக்கம். காலிக் கிண்ணத்தைப் பார்த்தால் நிரப்புவது எங்கள் ஊர் வழக்கம். ஐயா காலி செய்தார், சுயென் நிரப்பினாள். அவர் மறுபடி காலி செய்தார். அவள் பானையோடு அங்கேயே நின்றாள். மூன்றாவது கிண்ணத்தில்தான் எனக்கு உறைத்தது. அவள் ஊற்றும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். ஐயா தலை தூக்கி அவளைப் பார்த்தார், பிறகு முற்றத்துக்கு அப்பால் சிவப்புக் குச்சிகளைப் பார்த்தார், பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

சித்தப்பா நெளிந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் ஊர்க்காரர்கள் எப்போதும் இவ்வளவு மெதுவாகவா சாப்பிடுவார்கள் என்று கேட்டார். மீன் மிக நன்றாக இருப்பதாகச் சொல்கிறார் என்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். எரிச்சல் தாங்காமல் அவர் நேராக ஐயாவையே கேட்டார்.

"பெரியவரே, குண்டு போட்டவனும் நீங்க, எடுக்கக் காசு குடுத்தவனும் நீங்க, பாதியில நிறுத்தினவனும் நீங்க. நடுவுல நான் எத்தன வருஷம் காத்திருக்கறது?"

இதை நான் மழுப்பாமல் மொழிபெயர்த்தேன். ஐயா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க கேட்கறது நியாயம்," என்றார். "எங்க ஊர்ல யார் ஜெயிச்சாலும் நான் பதில் சொல்ல வேண்டியவன்தான். ஆனா என்கிட்ட பதில் இல்ல. இந்தக் கஞ்சி மட்டும் இன்னும் கொஞ்சம் வேணும்."

சித்தி சிரித்துவிட்டாள். சித்தப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஐந்தாவது கிண்ணத்தில் ஐயாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. எங்கள் மிளகாய் அப்படி. கடிகாரம் பதினொன்றைத் தாண்டியது. நல்ல நேரம் போயிற்று. மகன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். சித்தப்பா சுயெனைப் பார்த்த பார்வையில் அவளை எரித்துவிடுவார் போலிருந்தது. அடுத்த நல்ல நாள் வர ஒரு மாதம் ஆகும். அவள் பானையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டோங் ஹா திரும்பும்வரை ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஆனால் சந்தோஷமாக இருந்தார்.

உதவிப் பணத்தில் ஒரு பகுதி சில வாரத்தில் திரும்பி வந்தது. ஏன் நின்றது என்று தெரியாதது போலவே ஏன் வந்தது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே யாரோ கூச்சல் போட்டிருக்க வேண்டும். அவர்கள் நன்றாக இருக்கட்டும். சுயென் குழுவில் பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதில் ஒருத்தி. முதலில் சித்தப்பா மனையை முடிக்க அனுமதி வாங்கிக்கொண்டாள். சமையலறைச் சுவர் வரவேண்டிய இடத்தில், முழங்கை ஆழத்தில், ஒரு கொய்யாக்காய் குண்டு கிடந்தது. சுற்றிலும் மண் மூட்டைகளை அடுக்கி, ஊரைத் தள்ளி நிறுத்தி, அங்கேயே அதை வெடிக்கவைத்தார்கள். சத்தம் பெரிதாக இல்லை. சித்தப்பாவின் மகன் என் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாவது நல்ல நாளுக்கும் நான் போயிருந்தேன். அந்த வருடம் சித்தப்பாவின் வயதுக்கு வீடு கட்ட யோகம் இல்லை. அப்படி இருந்தால் எங்களிடம் ஒரு வழி உண்டு: ராசியான வயதுள்ள ஒருவரின் வயதை இரவல் வாங்கலாம். அன்றைக்கு வயதைக் கொடுத்தவர்தான் வீட்டுக்காரர். ஊதுபத்தி ஏற்றி, முதல் மண்ணை வெட்டித் தர வேண்டும். ஊரில் மதிப்பான ஆம்பிளையைத்தான் கேட்பார்கள். முதல் தடவை சித்தப்பா பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவரைப் பேசி வைத்திருந்தார்; அவர் ஒரு வெட்டு வெட்டித் தந்ததும் மகன் தோண்டுவதாக ஏற்பாடு.

இந்தத் தடவை சித்தப்பா மண்வெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி நடந்து சுயெனிடம் போனார். பொம்பிளையா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"உன் வயசக் குடும்மா," என்றார் சித்தப்பா. "இந்த மண்ணு உன் பேச்சத்தான் கேக்குது."

சுயென் வாங்கிக்கொண்டு மனையின் நடுவே போய் நின்றாள். ஆனால் வெட்டவில்லை. பதினெட்டு வருடமாக முழங்காலிட்டு, சின்னக் கரண்டியால், மூச்சை அடக்கிக்கொண்டு மண்ணை விலக்கியவள். ஓங்கி அடித்தால் சாவு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். மண்வெட்டியை இடுப்புக்கு உயர்த்தி மறுபடி இறக்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை அகட்டி ஊன்றி, மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, தன் பலமெல்லாம் சேர்த்து ஓங்கி வெட்டினாள்.