கடைசி வரியில் மிருதங்கம்

புகழ் நிலையற்றது என்று பலரும் நம்புகிறார்கள். இது பாரதூரமான தவறு. புகழ் சரியாக ஏழு நாள் நிற்கும்: வியாழக்கிழமை பத்திரிகை வந்ததிலிருந்து, அடுத்த வியாழன் அதில் பொரித்த மீன் சுற்றிக் கொடுக்கப்படும் வரை. எழுபதுகளில் மெல்பேர்னில் ஓர் இசை வாரப்பத்திரிகைக்கு விமர்சனம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுத்தைக் கட்டி அழும் மற்றவர்களும் இதற்குச் சாட்சி சொல்வார்கள்.

நான் நிபுணன் ஆனது

பகலில் நான் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கிளாக்கர். அந்தப் பத்திரிகையில் யாரோ ஒரு ராகத்தைத் தாளம் என்று எழுதியிருந்தார்கள். பொறுக்கமுடியாமல், மூன்று பக்கத்தில் ஆசிரியருக்கு விளக்கம் அனுப்பினேன். நாலாம் நாள் கந்தோருக்கே போன் வந்தது. எல்லோரையும் 'மேட்' என்றே கூப்பிடும் ஆசிரியர் கெவின்தான் பேசினார்.

"முதல் பக்கம் நல்லாயிருந்தது, மேட். மிச்சத்தைப் பார்க்க நேரமில்லை. சனிக்கிழமை ஒரு கிட்டார்க் கச்சேரி இருக்கு, போவாயா?"

ரவை

என் சிநேகிதன் தில்லைநாதன் டிராம் கண்டக்டர். டிராமில் இல்லாத நேரமெல்லாம் மிருதங்கம். இந்திய வாத்தியம் என்றால் இளைஞர்கள் மயங்கிய காலம். கார்ல்டனில் ஒரு ராக் குழு அவனைச் சேர்த்துக்கொண்டது. சாதகம் மட்டும் பிரன்ஸ்விக்கில், மிஸிஸ் ஹார்ப்பர் என்ற விதவையின் வீட்டில் அவன் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில்.

மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைக் குழைத்து ஒட்டினால்தான் கனத்த நாதம் வரும். வாசித்து முடிந்ததும் சுரண்டிக் கழுவவேண்டும். அவன் கழுவியது மிஸிஸ் ஹார்ப்பரின் குசினித் தொட்டியில். தொட்டி அடைத்துக்கொண்டது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "சத்தத்தையாவது பொறுப்பேன். சாப்பாட்டைப் போட்டு அடிப்பதைப் பொறுக்கமாட்டேன்."

இந்த அறைக்கு முன்பு ஏழு வீட்டுக்காரர் மிருதங்கத்தைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள். தில்லை என்னிடம் வந்தான்.

"அண்ணை, நான் அடிக்கிறது சங்கீதம் எண்டு பேப்பரிலை ஒருக்கா வந்தாக் காணும். நான் சொன்னாக் கிழவி நம்பாது. பேப்பர் சொன்னா நம்பும்."

மரபு

ஞாயிறு பின்னேரம் பல்கலைக்கழகப் புல்வெளியில் அந்தக் குழு வாசித்தது. தில்லை தனியாக வாசித்தபோது, படுத்துக் கிடந்தவர்கள் எழும்பி உட்கார்ந்தார்கள். சிநேகிதத்துக்காகச் சொல்லவில்லை, தாளத்தை எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

முறைப்படி எழுதினேன். முதலில் பாட்டுக்காரர், பிறகு மற்றவர்கள், கடைசி வரியில் மிருதங்கம். நம்மூர் விமர்சனங்கள் அப்படித்தான். மிருதங்கக்காரரின் வீட்டார் கடைசி வரியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார்கள். அந்த ஒரு வரியை நான் ஆறு தரம் திருத்தினேன்.

கெவினிடமும் ஒரு மரபு இருந்தது. பியர் விளம்பரம் வந்தால் கட்டுரையை அடியிலிருந்து வெட்டுவது. வியாழக்கிழமை என் விமர்சனம் கிட்டாரோடு முடிந்திருந்தது. நேரே போய், பக்கவாத்தியங்களின் வரிசைக்கிரமம் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். கெவின் பொறுமையாகக் கேட்டார்.

"முக்கியமான ஆளென்றால் முதலிலேயே சொல்லியிருப்பாயே, மேட்."

தலைகீழ்

மாதத்தில் ஒரே ஒரு வியாழன் மிச்சம். அடுத்த கச்சேரியை மரபைக் கவிழ்த்துப்போட்டு எழுதினேன். முதல் சொல்லே தில்லைநாதன். அடுத்த இரண்டு பத்தியும் ரவையின் நாத விஞ்ஞானம். பிறகு கிட்டார். குழுவைத் தொடங்கியவனும் பாடகனுமான கிரெக் கடைசி வரியில்.

பியர் விளம்பரம் மறுபடியும் வந்தது, அதே அளவில். கிரெக் வெள்ளிக்கிழமை காலை போன் எடுத்தான். இனி மிருதங்கம் தேவையில்லை என்று தில்லைக்குச் சொல்லிவிட்டானாம். என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"நான் அங்கே இருந்தேனா, இல்லையா?"

ஏழு நாள்

மிஸிஸ் ஹார்ப்பர் கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே முழுவதையும் வாசித்தார். என் விமர்சனத்தைக் கடைசி வரி வரை வாசித்ததாக நான் அறிந்த ஒரே ஆள் அவர்தான். அறையில் இருக்கலாம் என்றார். தில்லை நன்றி சொல்லிவிட்டு மேலே போய், மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். பிறகு நான் போய் ஏன் என்று கேட்டபோது, "ஆருக்கு அண்ணை வாசிக்கிறது?" என்றான்.

அடுத்த வியாழன் பின்னேரம் மிஸிஸ் ஹார்ப்பர் மாடியேறி வந்து, குழைத்த ரவைக் கிண்ணம் ஒன்றை அவன் மேசையில் வைத்துவிட்டு, அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தார்.