பெரிய டிவியில் ஒரு வளைந்த கோடு

கடையில் அந்த டிவியின் முன்னால் நின்றபோதே, இது வீட்டுக்குள் எப்படி ஏறும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வீடு ஆவடி குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. படிக்கட்டில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். டிவியோ என் மார்பு உயரம். இரண்டு கைகளையும் விரித்தாலும் பிடிபடாத அகலம்.

சுவரில் மாட்டும் டிவிகள் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு இன்னும் வராத காலம் அது. பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள் இருக்கும். அவற்றின் வெளிச்சம் ஒரு பெரிய கண்ணாடியில் பட்டு, திரையின் பின்பக்கம் விழுந்து படமாகும். கடைக்காரர் விளக்கியதை என் கணவர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் பீரங்கி வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறவர், வீட்டில் கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் பத்து வயதுப் பையனாகிவிடுவார்.

"இடது பக்கம் கீழ ஏன் இருட்டா இருக்கு?" என்று கேட்டேன்.

"சைடுல நின்னா அப்படித்தான் மேடம் தெரியும். நேரா வந்து நில்லுங்க."

நேராக நின்றேன். அப்போதும் ஓரத்தில் ஒரு நிழல். என் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நிழல் போகவில்லை. கணவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமெல்லாம் கண்ணின் ஓரத்தில் மின்னல் மாதிரி ஏதோ வெட்டிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், சின்னச் சின்ன உலோக பாகங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கீறல் கண்டுபிடிப்பது என் வேலை. பக்கத்து ஷெட்டில் எப்போதும் வெல்டிங் நடக்கும். அந்த வெளிச்சம்தான் என்று நினைத்தேன்.

டிவியை நான்கு பேர் கயிறு கட்டித் தூக்கி வந்தார்கள். முதல் மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. கீழே முதுகு கொடுத்திருந்தவரின் கால் வழுக்கியது.

"கயித்த வுடாத மாமே! எம்மேல சாஞ்சிகினு கீது!" என்று அலறினார்.

மேலே இருந்த இருவரும் சுவரில் காலை உதைத்து இழுத்துப் பிடித்தார்கள். அவர் நிமிர்ந்து தோளைக் கொடுக்கும்வரை நான் கைப்பிடிச் சுவரை விடவில்லை. எப்படியோ ஏற்றிவிட்டார்கள். எங்கள் கூடத்தில் பாதியை அது எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை மதியம் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். இடம் மாற்றினால் மூன்று நிறங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுமாம். மறுபடி சேர்த்து வைக்க வேண்டுமாம். ரிமோட்டில் எதையோ அழுத்தினார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வெள்ளைக் கோடுகள் வந்தன. சில இடங்களில் சிவப்பும் நீலமும் பிதுங்கித் தெரிந்தன. ஒவ்வொரு இடமாக அவர் சரிசெய்துகொண்டே வந்தார்.

"அக்கா, நீங்க உக்கார்ற எடத்துலேர்ந்து பாத்துச் சொல்லுங்க. எங்கனா கோணலா கீதா?"

"இடது பக்கம் கீழ வளையுது."

அவர் பட்டனைத் தட்டினார். "இப்போ?"

"இன்னும் வளையுது. தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி."

அவர் திரையருகே போய் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார். "இன்னாக்கா, நூலு புடிச்சாப்ல நேரா கீது!"

கணவரும், "நேராத்தானே இருக்கு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். திரையின் வலது ஓரத்தைப் பார்த்தேன். வளைவும் அங்கே வந்தது. மேலே பார்த்தேன். அங்கேயும் வந்தது. என் பார்வை போகிற பக்கமெல்லாம் அது கூடவே வந்தது.



மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பழக்கத்தில் இடது கண்ணை மூடினேன். கோடுகள் எல்லாம் நேராக நின்றன. பிறகு வலது கண்ணை மூடினேன். கட்டங்கள் நெளிந்து கிடந்தன; கீழ் மூலையில் கட்டமே இல்லை, கறுப்பு. வேலையில் எப்போதும் வலது கண்ணால்தான் பார்ப்பேன். இடது கண் தனியாக எதைப் பார்க்கிறது என்று நான் சோதித்ததே இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த டைல்ஸை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அதன் கோடுகளும் வளைந்தன. ஜன்னல் கம்பியும் வளைந்தது. டிவியில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் வந்து பார்த்தார். "என்னம்மா ஆச்சு?"

"என் கண்ணுதாங்க வளையுது. டிவி இல்ல."

அவர் ஓடிப் போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். "இதோட வெளிச்சத்தாலயா? இதாலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மெக்கானிக் கருவிகளைப் பையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கீழே போய் அவரே ஆட்டோ கூட்டி வந்தார்.

நகரத்துக்குள் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் வலது கண்ணை மூடி மூடி, இடது கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கறுப்பு கொஞ்சம் மேலே ஏறியிருப்பதுபோலத் தோன்றியது. பள்ளத்தில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் கணவர் என் தலையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார், உள்ளே இருப்பது சிந்திவிடும் என்பதுபோல.

மருந்து விட்டு, வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார் டாக்டர். "விழித்திரை கிழிஞ்சு பிரிஞ்சுக்கிட்டு வருதும்மா. பவர் அதிகமா இருக்கிறவங்களுக்கு வரக்கூடியதுதான். டிவிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அது பிரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். வீட்டுக்குப் போக வேணாம்."

அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, நான் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். சாப்பாடுகூடக் குனிந்தபடிதான். கூடத்துத் தரையையே பார்த்துக்கொண்டு, இந்தக் கண் போனால் அடுத்தது எப்போது போகும் என்று யோசித்தபடி கிடந்தேன். கணவர் பக்கத்தில் தரையில் படுத்து, எனக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார். டிவி மேல் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார். விற்றுவிடுகிறேன் என்றார். மறுபடி அந்தப் படிக்கட்டா என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கண் அசையுமோ என்று அடுத்த நொடியே பயந்து நிறுத்திக்கொண்டேன்.

எழுந்து நடமாடத் தொடங்கியபோது, இடது கண்ணுக்குள் குமிழியின் விளிம்பு நீர்மட்டம் போல ஆடியது. நாளுக்கு நாள் அது கீழே இறங்கியது. அதற்கு மேலே உலகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கி, நான் நடக்கும்போது உருண்டது. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த வாரம், எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது அந்தக் குமிழியைக் காணவில்லை. பயத்தில் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதன் எண்ணைப் படிக்க முடிந்தது. ஏறவேண்டிய பஸ்தான். கையை எடுக்காமல் அது அருகில் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.