ஏழு தலைக்கு ஒரு பூட்டு

இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். பெரியவளுக்கு இதில் பாதி ஞாபகம் இருக்கும். சின்னவளுக்குத் தான் செய்தது மட்டும் ஞாபகம் இருக்கும். நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தை வேறு யாரும் எழுதிவைக்கப் போவதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் நம் ஜெபவீட்டில் ஏழு நாள் தீர்க்கதரிசனக் கூட்டம் நடந்தது. நம் பாஸ்டர் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு ஊழியத்துக்கு வந்தவர். கடைசிக் காலத்தை அவரைப்போலத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடையாது. சுவர் நீளத்துக்கு ஒரு துணிப்படம் மாட்டுவார். இடது ஓரத்தில் ஆதாம், வலது ஓரத்தில் புதிய எருசலேம், நடுவில் எங்கேயோ நாம். இயேசு வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போகிற இரகசிய வருகை என்பது நம் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் என்பார். ஆயத்தமாக இருக்கிறவன் ஏறிக்கொள்வான், மற்றவன் பிளாட்பாரத்தில் நிற்பான். உபத்திரவ காலம் என்பது அவுட்டர் சிக்னல். பிறகு அந்திக்கிறிஸ்து, யுத்தம், ஆயிரம் வருஷ அரசாட்சி, கடைசி நியாயத்தீர்ப்பு. குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி அவர் சொல்லும்போது, நம் தெருவுக்குக் குடிதண்ணீர் எப்போது வரும் என்பதைத் தவிர உலகத்தில் எல்லாம் நமக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். நான் நோட்டு வைத்து எழுதிக்கொண்டேன்.

படத்தின் நடுவில் வலுசர்ப்பம் இருந்தது, அதாவது சாத்தான். சிவப்பு நிறம், ஏழு தலை, பத்துக் கொம்பு. வரைந்தவர் யாரோ, பல்லை எல்லாம் மிகவும் அக்கறையாக வரைந்திருந்தார். சின்னவளுக்கு அப்போது ஏழு வயது. குழந்தைகளை முன்வரிசையில்தான் உட்காரவைப்பார்கள்.

மூன்றாம் நாளே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பின்பக்கக் குழாய்க்குத் தனியாகப் போகமாட்டாள். குளிக்கப் போனால் அம்மா கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டில் பாதி சோறு அப்படியே கிடக்கும். காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பினால் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் வருவாள். ஒருநாள் அங்கே நிறுத்திக் கேட்டாள்.

“அப்பா, அது நம்ம தெருவுக்கும் வருமா?”

நான் விசுவாசி. நோட்டில் எழுதியிருப்பதை மாற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. “வரும். ஆனா கடைசியில அக்கினிக்கடல்ல தூக்கிப் போட்டுடுவாங்க,” என்றேன். அவள் முதல் வார்த்தையோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

உங்கள் அம்மா அன்று என்னை ஒரு பிடி பிடித்தாள். குழந்தையிடம் வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் பரலோகம் இடிந்து விழுந்துவிடுமா என்று கேட்டாள். வேதத்தில் இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது என்றேன். “அப்ப நீயே ஊட்டு,” என்று சோற்றுத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சின்னவள் என் கையிலும் சாப்பிடவில்லை. மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் நிகழ்ச்சி வரும். அதில் பாட்டு, வசனம் எல்லாம் இருக்கும். கடைசியாக வலுசர்ப்பத்தின் தோல்வியை நடத்திக் காட்டினால் என்ன? நிஜமாகவே ஒன்றைச் செய்து, எல்லோரும் பார்க்க நெருப்பில் போட்டால்? படத்தில் பார்த்துப் பயந்த குழந்தை சாம்பலைப் பார்த்தால் பயம் போய்விடும் அல்லவா? பாஸ்டருக்கு யோசனை மிகவும் பிடித்தது. நான் சின்னவளிடம் சத்தியம் மாதிரியே சொன்னேன், உன் கண்ணாலேயே பார்ப்பாய், ஒரு பிடி சாம்பல்தான் மிஞ்சும் என்று.

“நெஜமா?”

“நெஜமா.”

அன்று ஒரு தோசை முழுதாகச் சாப்பிட்டாள்.

நான் வேலை செய்த கம்பெனி கையுறை கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்குப் போகிற முழங்கை வரைக்குமான சிவப்புத் தோல் கையுறை. வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேனேஜரிடம் கேட்டு இரண்டு மூட்டை வாங்கினேன். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? அதிலும் படத்தில் இருக்கிற அதே சிவப்பு. கர்த்தரே ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார் என்று சபையில் சாட்சி கூடச் சொன்னேன்.

நம் சபையில் பாதிப் பேர் தையல் செக்ஷன்தான். ஜெபவீட்டுக்குப் பின்னால் மூன்று ஞாயிறு மதியம் உட்கார்ந்து வேலை செய்தோம். முதல் தகராறு கொம்பில் வந்தது. ஏழு தலைக்குப் பத்துக் கொம்பு எப்படிப் பிரிப்பது? ஜோடி கணக்கிலேயே யோசித்துப் பழகிய எங்களுக்கு இது பெரிய பேஜாராக இருந்தது. பாஸ்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, கொம்பு பத்து என்றுதான் இருக்கிறது, பங்கீடு சொல்லவில்லை என்றார். கடைசியில் மூன்று தலைக்கு இரண்டிரண்டு, நான்கு தலைக்கு ஒவ்வொன்று என்று முடிவானது.

வெட்டுவதற்கு என் தோஸ்த் வந்தான். கட்டிங் செக்ஷனில் அவன் கை வைத்தால் ஒரு அங்குலம் வீணாகாது. உருது பேசுகிற வீடு. பாய், எங்கள் சாத்தானுக்கு ஒரு கை கொடு என்று கூப்பிட்டதும் கத்தியோடு வந்துவிட்டான். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“கடைசிக் காலத்துல வர்ற எங்க தஜ்ஜாலுக்கு ஒத்தக் கண்ணுதான் தோஸ்த். உங்காளுக்கு பதினாலா? வேல ரொம்ப ஜாஸ்தி.”

ஏழு கழுத்தையும் கையுறையின் கட்டைவிரல் பேட்டர்னைப் பெரிதாக்கி வெட்டினான். அதனால்தான் அந்த வலுசர்ப்பம் எல்லாப் பக்கமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருந்தது.

தையல் அக்கா ஒருவர் இருந்தார், இருபது வருஷ சர்வீஸ். ஐந்தாவது தலையை இளம் பெண் ஒருத்தி கோணலாகத் தைத்துவிட்டாள் என்று முழுவதையும் பிரித்துவிட்டார். எரிக்கப் போகிற சாமான்தானே என்று அவள் முனகினாள்.

“எரிக்கட்டும், பொதைக்கட்டும். நம்ம கையை உட்டுப் போற வரைக்கும் தையல் நேரா இருக்கணும்.”

கம்பெனி நூலிலேயே, இரட்டைத் தையல் போட்டார். உள்ளே அதே தோல் துண்டுகளை இறுக்கி அடைத்தோம். கண்ணுக்குப் பித்தளை வளையம். நாக்குக்கு மட்டும் சிவப்புத் துணி. முடித்து நிறுத்தியதும் எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். பிசாசை அவ்வளவு பெருமையாகப் பார்த்த சபை வேறு இருந்திருக்காது.

நிகழ்ச்சி அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. பக்கத்துத் தெரு ஆட்களும் காம்பவுண்டு ஓரம் நின்றார்கள். பாதியாக வெட்டிய தார் டிரம்தான் அக்கினிக்கடல். பெரியவள்தான் பிரதான தூதன். ஒன்பதாவது படித்தாள், உயரமாக இருப்பாள் என்று அவளைப் போட்டிருந்தார்கள். அட்டை இறக்கையோடு வந்து, ஈட்டியால் குத்தி, நான்கு பேரோடு சேர்ந்து வலுசர்ப்பத்தைத் தூக்கி டிரம்முக்குள் போட்டாள். பாஸ்டர் டீசல் ஊற்றினார். நான் பற்றவைத்தேன்.

தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. அல்லேலூயா என்ற சத்தத்தில் மைக் செட் தோற்றுப்போனது. நான் சின்னவளைத் தேடினேன். அம்மாவின் புடவைக்குப் பின்னால் இருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது.

டீசல் தீர்ந்தது. தீ இறங்கியது. ஏழு தலையும் டிரம்முக்கு மேலே அப்படியே நின்றன. நாக்கு மட்டும் போயிருந்தது. சூட்டில் தோல் கொஞ்சம் சுருங்கி வாய் இழுத்துக்கொண்டதில் முன்பு இல்லாத ஒரு சிரிப்பு வந்திருந்தது. மயிர் கருகுகிற நாற்றம் கிளம்பியது. பாஸ்டர் இன்னொரு கேன் ஊற்றினார். அதுவும் எரிந்து அடங்கியது. ஒரு கொம்பு லேசாகச் சாய்ந்தது. பெரியவள் ஈட்டியால் நெட்டிப் பார்த்தாள். ஈட்டிதான் பற்றிக்கொண்டது. முன்வரிசை இருமிக்கொண்டே எழுந்து பின்னால் போனது.

தோஸ்த் காம்பவுண்டு ஓரத்திலிருந்து என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்.

“அது வெல்டிங் மால், தோஸ்த். நீ பாஸ் பண்ணதுதான்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் என் வேலையே செக்கிங். லாட்டுக்கு ஒரு துண்டு எடுத்து, அடியில் லைட்டரைப் பிடித்துப் பத்து வரைக்கும் எண்ண வேண்டும். பற்றாமல் இருந்தால் முத்திரை. வாரத்தில் ஆறு நாள் அது எரியக் கூடாது என்பதற்குச் சம்பளம் வாங்கினவன், ஏழாம் நாள் அது எரிய வேண்டும் என்று உபவாசம் இருந்திருக்கிறேன். சபையில் பாதிப் பேர் அதே கம்பெனி. ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா போட்ட நூலும் நெருப்புத் தாங்குகிற நூல்.

சின்னவள் புடவையை விட்டு வெளியே வந்திருந்தாள். டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்பா, அது சாகல.”

நெஜமா என்று அவள் கேட்டதும் நான் சொன்னதும்தான் காதில் நின்றது. இனி அவளுக்கு எதைச் சொல்லி ஒரு வாய் ஊட்டுவேன் என்று இருந்தது.

பாஸ்டர் மைக்கை எடுத்தார். முப்பது வருஷம் ரயில் பார்த்தவர், வண்டி தடம் புரண்டால் என்ன செய்வது என்று தெரிந்தவர்.

“பிரியமானவர்களே, தப்பு நம்மளுது. வரிசைய மாத்திட்டோம். அக்கினிக்கடல் கடைசி ஸ்டேஷன். அதுக்கு முன்னால இவனைச் சங்கிலியில கட்டி, பாதாளத்துல போட்டு, ஆயிரம் வருஷம் பூட்டி வெக்கணும். அது நடக்காம இவன் எப்படி எரிவான்?”

சபைக்கு உயிர் வந்தது. பாஸ்டர் தன் சைக்கிளின் சங்கிலியையே கழற்றிக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, ஏழு கழுத்தையும் சேர்த்துக் கட்டினோம். மாடிப்படிக்குக் கீழே பாய்கள் சுருட்டி வைக்கிற சின்ன அறை இருந்தது. அதுதான் பாதாளம் என்றார். அதை உள்ளே தள்ளி, கேட்டின் பெரிய பூட்டைக் கொண்டுவந்து மாட்டினார். நம் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று சாவியை என் கையில் கொடுத்தார்.

சின்னவள் எல்லாவற்றையும் கூடவே வந்து பார்த்தாள். கதவுக்கு முன் நின்று பூட்டை ஒருமுறை இழுத்தாள். இன்னொருமுறை, இரண்டு கையாலும் இழுத்தாள்.

“சாவி யார்கிட்ட?”

“என்கிட்டதான்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் யோசனையாகப் பார்த்தாள். “நீ தொலைச்சிடுவ. இங்க குடு.”

கொடுத்தேன். ஜெப ஊழியர்கள் பலர் தலையில் கை வைத்தும் இறங்காத ஏதோ ஒன்று அந்தக் குழந்தையின் தோளிலிருந்து இறங்கியதை உங்கள் அம்மாவும் நானும் பார்த்தோம். வீட்டுக்கு வந்து சாவியை ஊக்கில் கோத்துச் சட்டைக்கு உள்ளே குத்திக்கொண்டாள். தனியாகக் குழாய்க்குப் போனாள், கை கழுவினாள், வந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள். அம்மா போட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். தீமை ஒருநாள் முழுதாக அழியும் என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அவளுக்கு அதற்கு முன்னால் ஒரு பூட்டு தேவைப்பட்டது. அது என் நோட்டில் இருந்தது, நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாஸ்டர் வந்தார். பெண்கள் உபவாசக் கூட்டத்துக்குப் பாய் எடுக்க வேண்டும், சாவி வேண்டும் என்றார். சின்னவள் வாசல்படியில் நின்றாள்.

“ஆயிரம் வருஷம் ஆவட்டும் பாஸ்டர்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரே நிமிஷம்தான், பாய் மட்டும் எடுத்துக்கொண்டு உடனே பூட்டிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தார்.

“நீங்கதானே சொன்னீங்க.”

வேதத்தில் ஒரு எழுத்தையும் தள்ளக் கூடாது என்று வாரா வாரம் எங்களுக்குச் சொல்கிறவர் என்னைப் பார்த்தார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். இரண்டு பேரும் பஜாருக்குப் போய்ப் பத்துக் கோரைப்பாய் வாங்கி, மடியிலும் முதுகிலுமாகச் சுமந்துகொண்டு வந்தோம். கூட்டத்துக்கு வந்த தையல் அக்கா புதுப் பாயைத் தடவிப் பார்த்து, பழையதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“பாதாளத்துல இருக்கும்மா,” என்றார் பாஸ்டர், மைக்கைச் சரிசெய்துகொண்டே.