தேங்காய்ச் சில்லின் மேல் விழுந்த பழி

சிங்கப்பூரில் நான் எலெக்ட்ரிக் டிராம் ஓட்டுகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே என் வண்டி மோட்டார் கரகரவென்று அரைத்தது. பட்டறையை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னேன். “எண்ணெய் விட்டு ஓட்டு” என்றார்.

பூஜையன்று வழக்கம்போல வண்டிக்கு மாலை போட்டு, முன்னால் தேங்காய் உடைத்தோம். மறுநாள் தேக்கா சந்தை வளைவில் மோட்டார் இறுகி வண்டி குலுங்கி நின்றது. படியில் நின்ற கண்டக்டர் மைதீன் விழுந்து காலை முறித்துக்கொண்டான்.

மோட்டார் மூடியில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சில்லைத் துரை எடுத்துக் காட்டினார். “உங்கள் பூஜைதான் காரணம்.” உள்ளே தேய்ந்து கிடந்த பல்சக்கரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு வாரமா கத்துச்சே அண்ணே, அப்ப தேங்கா எங்க இருந்துச்சு?” என்று மைதீன் வலியோடு என்னைக் கேட்டான்.

இப்போது தேங்காயை வீட்டிலேயே உடைத்துவிடுகிறேன். அடுத்தவன் கால் முறியும்போது பழிபோடத் துரைமார் வேறு ஏதாவது தேடிக்கொள்ளட்டும்.